இறக்காமல் விட்ட மெயின் சுவிட்ச்

சிவகாசியில் எங்கள் பட்டாசுக் கடையோடு, இன்டர்நெட்டில் ஆர்டர் எடுக்கும் கம்பெனி ஒன்றை நானும் மனைவியும் தொடங்கியிருந்த நேரம். முழுநேர ஆள் வைக்க வசதியில்லை. மதுரைக்காரர் ஒருவரைப் பகுதி நேரத் தொழில்நுட்பத் தலைவராக அமர்த்தினோம். சனிக்கிழமை மட்டும் வந்து, கடை முன்னறையில் இருந்த கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பார். கெட்டிக்காரர்.

"கம்ப்யூட்டரை எப்பவும் ஆஃப் பண்ணாதீங்க சார். மத்த நாள்ல நான் மதுரையில இருந்தே பார்க்கணும்" என்றார்.

எங்கள் ஊரில் மெயின் சுவிட்சை இறக்காமல் யாரும் பட்டாசுக் கடையைப் பூட்ட மாட்டார்கள். அன்று நான் இறக்கவில்லை.

"என்னங்க, மெயினை இறக்காமப் பூட்டுறீக?" என்றாள் மனைவி.

"படிச்சவரு, தெரியாமலா சொல்லுவாரு?" என்றேன்.

நாளடைவில் அதுவே பழகிவிட்டது. தீபாவளி சீசனில் ஒரு காலை ஷட்டரைத் தூக்கியதும் ரப்பர் கருகிய வாடை அடித்தது. மேசைக்கடியில் கம்ப்யூட்டரின் யு.பி.எஸ். உருகிக் கிடந்தது. அதை ஒட்டியிருந்த அட்டைப்பெட்டி ஒரு பக்கம் கரிந்து, தானாகவே அணைந்திருந்தது. பெட்டிக்குள் கம்பி மத்தாப்பு. பின்னறை நிறைய சீசன் சரக்கு. மாடியில்தான் நாங்கள் பிள்ளைகளோடு தூங்கியிருந்தோம்.

மனைவி நேரே போய் மெயினை இறக்கினாள்.

போனில் சொன்னதும் மதுரைக்காரர் பதறிப்போனார். "பின்னாடி சரக்கு இருக்குன்னு எனக்குத் தெரியாதே சார்!"

உண்மைதான். முன்னறையைத் தாண்டி அவரை நான் அழைத்துப் போனதேயில்லை.

இப்போது கம்ப்யூட்டர் வேறு தெருவில் இருக்கிறது. பகுதி நேரத்துக்கு யார் வந்தாலும் முதலில் பின்னறையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வேலையைப் பற்றிப் பேசுகிறேன். மெயினை இறக்கும் பொறுப்பை மட்டும் மனைவி இன்னும் என்னிடம் திருப்பித் தரவில்லை.