படத்தில் இல்லாத தாய்மாமன்

பழைய குடும்ப சாகசப் படம் ஒன்றை இப்போது மறுபடியும் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தாராளமாகப் பாருங்கள், ஆனால் அதை உங்களுக்கு முதன்முதலில் காட்டியவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். படத்தைவிட அவர் முகம் பார்க்க நன்றாக இருக்கும்.

எனக்குக் காட்டியவர் என் அப்பா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு, பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பியவர். பிரெஞ்சுச் சிப்பாயை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள்; தெருவில் எங்கள் வீட்டுக்குச் சொல்தா வீடு என்றே பெயர். நன்றி என்பதற்குத் தபால்காரருக்கும் 'மெர்சி', கீரை விற்கும் அம்மாவுக்கும் 'மெர்சி' சொல்வார். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது பாரிசிலிருந்து வந்த சித்தப்பா ஒரு வீடியோ கேசட் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஊர்க் கேசட்டை நம் ஊர் டெக்கில் போட்டால் நிறம் வராது, கறுப்பு வெள்ளையில்தான் ஓடும். அது தெரியாமல், ஏதோ அந்தக் காலத்து உயர்ந்த படம் போலிருக்கிறது என்று தெருவே பயபக்தியோடு வந்து பார்த்தது.

அப்பா டிவிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொள்வார். சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தமிழில் கதை சொல்வார். ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய், ஒரு தாடிக்காரர். காணாமல் போன அப்பாவைத் தேடிக் காட்டாற்றில் படகில் போகிறார்கள். தாடிக்காரர் பிள்ளைகளுக்குத் தாய்மாமன். “தங்கச்சிக்காக உசுரையே குடுப்பான்” என்பார் அப்பா. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் அப்பா எழுந்து டிவிக்கு நேர் எதிரே நின்று, “வோல்டேஜ் சரியில்ல” என்று எதையோ திருகுவார். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில்தான் வோல்டேஜ் குறையும்.

போன அரையாண்டு விடுமுறையில் அந்தப் படம் எனக்குத் தேவைப்பட்டது. எனக்கு விவாகரத்தாகி எட்டு வருடம் ஆகிறது. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று கேட்டார். எனக்கும் விருப்பம், பத்தாவது படிக்கும் என் மகளுக்கும் அவரைப் பிடிக்கும். அப்பாதான் ஒரே போடாகப் போட்டார். “வயசுக்கு வந்த பொண்ண வெச்சிக்கினு எந்தக் குடும்பத்துலடி இதெல்லாம் நடக்குது? ஒண்ணு காட்டு பாப்போம்.” அவரை நல்ல மனநிலையில் வைத்து இன்னொரு தடவை கேட்டுப் பார்க்க நினைத்தேன். அதற்கு அவருடைய பிரெஞ்சை மெச்சுவதைவிட நல்ல வழி கிடையாது. காரியம் ஆக வேண்டுமென்றால் கழுதைக் காலையும் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்களே.

படம் ஒரு ஆப்பில் கிடைத்தது. முதல் அதிர்ச்சி, நிறம். ஆறு பச்சையாக ஓடியது, தாடி செம்பட்டையாக இருந்தது. படம் நாங்கள் நினைத்த அளவுக்குப் பழையதே இல்லை. நான் சின்ன வயதில் போர்வைக்குள் நடுங்கிய சிறுத்தை, பஞ்சு அடைத்த பொம்மை. அதன் வாலை மட்டும் யாரோ கயிறு கட்டி இழுக்கிறார்கள். அருவியில் விழுந்து எழுந்த அம்மாவின் கொண்டை கலையவில்லை. நாய் ஒன்றுதான் மனம் வைத்து நடித்திருக்கிறது. ஆங்கிலத்தில் சப்டைட்டில் வந்தது. “நான் இருக்கசொல்ல இது எதுக்கு?” என்று அப்பா அதை எடுக்கச் சொல்லிவிட்டு, பழையபடி கதையை ஆரம்பித்தார்.

என் மகள் பள்ளியில் பிரெஞ்சு படிக்கிறாள். இதை நான் யோசித்திருக்க வேண்டும். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தவள், “தாத்தா, அவரு தாய்மாமன்லாம் இல்ல” என்றாள். “அந்தம்மாவுக்கு டைவர்ஸ் ஆயிடுச்சு. இவரத்தான் கட்டிக்கப் போறாங்க. பசங்களுக்கு இவரப் புடிக்கல, அதான் எல்லாரும் பழகட்டும்னு டூர் கூட்டிக்கினு போறாரு. அவங்கப்பா காணாமலாம் போகல. இப்பகூட போன்ல பேசினாரே.”

படம் தன் பாட்டுக்கு ஓடியது. வோல்டேஜ் குறையும் இடம் வந்ததும் பழக்கதோஷத்தில் அப்பா எழுந்து நின்றார். ஆனால் இது பெரிய டிவி, அவரோ இளைத்துப் போய்விட்டார். அவருக்கு இரண்டு பக்கமும் படம் தெரிந்தது. தாடிக்காரரும் அந்த அம்மாவும் முத்தமிட்டுக்கொண்டார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். நாய்கூட வாலை ஆட்டியது.

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபம்தான் அதிகம். ஒண்ணு காட்டு என்று என்னைக் கேட்டாரே, அப்படி ஒரு குடும்பத்தை ஊரைக் கூட்டி எத்தனையோ தடவை காட்டியவர் இவர்!

“ஏம்ப்பா, இதான் கதைன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?”

அப்பா பேத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துகொண்டு, “எனக்கு எங்கடி பிரெஞ்சு தெரியும்? பட்டாளத்துல குசினியில உருளக்கிழங்கு உரிச்சிக்கினு இருந்தவன் நானு” என்றார்.

பென்ஷன் விஷயமாகக் கான்சுலேட்டுக்குப் போகும் கடிதங்களைப் பக்கம் பக்கமாகப் பிரெஞ்சில் அவரே எழுதுவார். கொண்டுபோய்க் கொடுப்பது நான். அவருடைய கௌரவமே அந்த மொழிதான். என் கல்யாணத்துக்குச் சரி என்று ஒரு வார்த்தை சொல்வதைவிட, பேத்தி எதிரில் அதைக் கழற்றி வைப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. எனக்கு அதுதான் வலித்தது.

அவரிடம் சம்மதம் கேட்கத்தான் அந்தச் சாயங்காலத்தையே ஏற்பாடு செய்திருந்தேன். கேட்கவில்லை. தை பிறந்ததும் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் என்று சொன்னேன். சாட்சிக்கு ஓர் ஆள் குறைகிறது, வந்தால் நல்லது, பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை, தமிழிலேயே கையெழுத்துப் போடலாம் என்றும் சொன்னேன்.