அனானியின் ஐபி எண்

அம்மா இறந்ததைப் பற்றி நேற்று இந்த என் பிளாகில் எழுதியிருந்தேன். இன்று காலை பெயர் போடாத ஒரு அனானி, "செத்தவங்கள வச்சுப் பிச்சை எடுக்காதே" என்று பின்னூட்டம் போட்டிருந்தார்.

யார் யார் வந்தார்கள் என்று காட்டும் பிளாக் கவுண்டரில் அவருடைய இணைய இணைப்பின் ஐபி எண் இருந்தது. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் எண்ணைத் தேடிப் பார்த்தேன். இரண்டும் ஒன்று.

தோழியிடம் போனில் கேட்டேன். "மோடத்தை அணைச்சுப் போட்டா நம்பர் மாறிடும்டி. உன் நம்பர் முன்னாடி வேற யார்கிட்டயாவது இருந்திருக்கும்," என்றாள்.

நேற்றிலிருந்து மோடத்தை அணைக்கவே இல்லை. வீட்டில் நானும் கணவரும் மட்டும்தான்.

மதியம் சாப்பிடும்போது அவரிடமே கேட்டேன்.

"நான்தான். யாருமே படிக்கலன்னு அழுதியே, ஒருத்தனாவது படிச்சான்ல," என்றார். ரசம் கேட்டார். ஊற்றினேன்.

வேங்கிக்கால் ஆபீஸுக்குத் திரும்பக் கிளம்பும்போது, "இதையும் எழுதிப் போட்டுடுவியே," என்றார்.

போட்டுவிட்டேன். இனிமேல் பெயர் போட்டுத் திட்டுகிறவர்கள் மட்டும் வாருங்கள்.