தெளித்தது செல்லுமா

எப்சிபாவைத் தென்காசியில் பாதிப்பேர் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பச்சைப்பிள்ளைகள் பிரிவில் நர்ஸ். வேலைக்குச் சேர்ந்த புதிதில், டாக்டர் கைவிரித்துவிட்ட ஒரு குழந்தைக்கு, போதகர் வந்து சேரும்வரை தாங்காது என்று தகப்பன் கெஞ்சவே, இவளே உள்ளங்கையில் தண்ணீர் எடுத்து நெற்றியில் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்தாள். அவசரத்துக்கு யாரும் கொடுக்கலாம் என்பது அவள் சபையின் வழக்கம். பிறகும் பல பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறாள். எத்தனை என்று எண்ணியதில்லை. எண்ணினால் மறுநாள் டூட்டிக்குப் போக முடியாது.

எப்சிபாவின் மகள் கெசியாவைத் தன் மகனுக்குப் பெண் கேட்டு, கடற்கரை என்பவர் மனைவியோடு குத்துக்கல்வலசையில் அவள் வீட்டுக்கு வந்திருந்தார். ஜவுளிக்கடைக்காரர். நடுவயதில் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்தவர். எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில்தான் அதைச் சொன்னார்.

"கல்யாணத்துக்கு முந்தி பிள்ளை முழுக்கு ஞானஸ்நானம் எடுத்திரணும் சிஸ்டர். சித்தாத்துல வச்சு பாஸ்டர் கொடுத்திருவாரு."

"கைப்பிள்ளையிலேயே கொடுத்தாச்சே அண்ணாச்சி."

"அது தெளிப்புல்லா. வேதத்தோட மூலபாஷையில ஞானஸ்நானங்கிற வார்த்தைக்கு முக்குததுன்னுதான் அர்த்தம். துணிய சாயத்துல முக்குதோம்லா, அப்படி. தெளிச்சா சாயம் பிடிக்குமா?"

"சாப்பிட முந்தி கை கழுவுததுக்கும் அதே வார்த்தையத்தான் போட்டிருக்குன்னு எங்க போதகர் சொல்லுதாரு. சரி, குத்தாலம் மெயின் அருவிக்கு அடியில நிக்கேன். அது முக்குததா, தெளிக்கதா?"

கடற்கரையின் மனைவி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எடுத்தா என்னம்மா," என்றாள் கெசியா. "குத்தாலத்துல எத்தனை தடவை குளிச்சிருக்கேன். இன்னொரு குளி."

எப்சிபாவுக்கு அதுதான் சுருக்கென்றது. வெறும் குளி என்றால் எதற்கு எடுக்க வேண்டும்? வெறும் குளி இல்லையென்றால், முன்னால் தெளித்தது என்ன கணக்கு?

"அண்ணாச்சி, நான் சாகக் கிடக்க பிள்ளைகளுக்குத் தெளிச்சிருக்கேன். அதுக முக்குத அளவுக்கு உசிரோட இல்ல. இவளுக்குச் செல்லாதுன்னா அதுகளுக்கும் செல்லாது. பெத்தவங்களை நான் ஏமாத்தியிருக்கேன்னு ஆயிரும். நீங்க அப்படித்தான் சொல்லுதீங்களா?"

"அதுக வேற சிஸ்டர். அதுகளை ஆண்டவர் பாத்துக்கிடுவார்."

"அதுகளுக்கு மட்டும் வார்த்தையோட அர்த்தம் மாறுமோ?"

கடற்கரை வாட்ச் பட்டையைத் திருகிக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா கடைசி வரைக்கும் சபைக்கு வரல," என்றார். "சாகும்போது வாயில பால் ஊத்தச் சொன்னாங்க. அது பழைய சடங்கு, விசுவாசி செய்யக்கூடாதுன்னு தள்ளி நின்னேன். தம்பிதான் ஊத்துனான். அம்மா என்னையத்தான் பாத்துக்கிட்டுக் கிடந்தா." "இதெல்லாம் ஒண்ணுமில்லன்னு விட்டா, நான் அன்னைக்குத் தள்ளி நின்னதும் ஒண்ணுமில்லன்னு ஆயிரும்லா."

எப்சிபாவுக்கு ஜெயிக்க வேண்டும் என்றிருந்த வேகம் போய்விட்டது. ஆனால் மகள் விஷயம் அப்படியே இருந்தது.

"நான் எடுக்கல மாமா," என்றாள் கெசியா. அம்மாவைப் பார்க்காமலே சொன்னாள். "எனக்கு ஒரு தடவை கொடுத்தாச்சு. உங்க பையன்ட்டயும் நானே சொல்லுதேன்."

கடற்கரை மனைவியைப் பார்த்தார். அவள் பார்வையில் உதவி எதுவும் கிடைக்கவில்லை.

"கல்யாணத்தோட இதை முடிச்சுப்போட வேண்டாம்," என்றார் கடைசியில். "பிள்ளைக்குத் தோணும்போது எடுக்கட்டும்."

"தோணவே இல்லன்னா?"

"இல்லன்னாலும் எங்க வீட்டுப் பிள்ளைதான். ஆனா முக்குததுங்கிறதுதான் சரியான அர்த்தம், சிஸ்டர்."

"இருக்கட்டும் அண்ணாச்சி," என்று எப்சிபா இலை போட எழுந்தாள்.