கசந்த சாயா

சிஞ்சுவைச் சாந்தன்பாறைப் பக்கம் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் கடைத்தெருவில் எதிரே வந்தால் ஒருவரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். மனநல நர்ஸோடு நின்று பேசினால் அந்த வீட்டில் யாருக்கோ கோளாறு என்று ஊர் முடிவுகட்டிவிடும். பள்ளிவாசல் என்ற ஊரின் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, படித்து, அரசு வேலைக்கு வந்தவள் சிஞ்சு. ஏலக்காய்த் தோட்டங்களில் இருக்கும் நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் வேலை. வீட்டுக்குள் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறவர்கள் வெளியே முகத்தைத் திருப்பிக்கொள்வதில் அவளுக்குக் கோபம் உண்டு. அந்தக் கோபத்தை ஸ்கூட்டரிடம் காட்டுவாளே தவிர மனிதர்களிடம் காட்டமாட்டாள்.

அன்று காலை ஏசுரத்தினம் போனில் கூப்பிட்டான்.

"சிஸ்டர், வினோ அம்மாவ உள்ள வச்சுக் கதவடைச்சிட்டான். கையில வெட்டுக்கத்தி இருக்கு. ஜீப்புக்குச் சொல்லியாச்சு. கதவ ஒடைக்கப் போறோம்."

"நான் வர்ற வரைக்கும் கதவத் தொடாதீங்க," என்றாள் சிஞ்சு.

வினோ ஏசுரத்தினத்தின் தம்பி. ஏலச்செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கிற வேலை. யாரோ தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்ற எண்ணம் கொஞ்ச காலமாக அவனுக்கு வருவதும் போவதுமாக இருந்தது. போன மழையில் அண்ணனும் ஆட்களும் அவனைக் கயிற்றால் கட்டி ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தவன் மாத்திரையைத் தொட மறுத்துவிட்டான். அப்போதுதான் அவன் அம்மா செபமாலையம்மாள் ஒரு வழி கண்டுபிடித்தாள். மாத்திரையைப் பொடித்துக் காலைச் சாயாவில் கலந்து கொடுத்தாள். சிஞ்சுவிடம் சொல்லவும் செய்தாள். அவனைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது என்று சிஞ்சு கண்டித்திருக்க வேண்டும். பிள்ளை தூங்குகிறான், ஒழுங்காக வேலைக்குப் போகிறான் என்று கேட்டதும் மனம் இளகி, "எனக்குத் தெரியாதுன்னு வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். இப்போது மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பேச்சுதான் அவளைக் குத்தியது.

லயத்து வாசலில் ஏசுரத்தினம் கயிறோடு நின்றான். பக்கத்தில் இரண்டு பேர் கடப்பாரையோடு. மூடுபனிக்குள் ஜீப் உறுமிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் பொறுங்க. மொதல்ல ஜீப்ப நிப்பாட்டச் சொல்லுங்க."

"அவன் எங்கம்மாவ வெட்டிட்டான்னா நீங்களா சிஸ்டர் பதில் சொல்லுவீங்க?"

"ஆமா. நாந்தான் சொல்லுவேன்."

சொல்லிவிட்டு அவள் நிற்கவில்லை. சுவரோரமாக ஜன்னலுக்குப் போனாள்.

உள்ளே அடுப்போரம் செபமாலையம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். வினோ அவள் எதிரே நின்றான். ஒரு கையில் கத்தி, இன்னொரு கையில் சாயா கிளாஸ்.

"குடிம்மா. நீ போட்ட சாயாதான. ஒரு வாய் குடி, நான் நம்புறேன்."

அவள் கிளாஸைப் பார்த்தாள், வாங்கவில்லை. அந்தப் பயம் என்னவென்று சிஞ்சுவுக்குத் தெரியும். மூளைக்கான மாத்திரையை நல்ல மனுஷர் தின்றால் அவர்களுக்கும் புத்தி பேதலித்துவிடும் என்று அந்த லயமே நம்பியது. எத்தனை தடவை எடுத்துச் சொன்னாலும் காதில் ஏறவில்லை. மகனுக்காக உயிரையே கொடுக்கக்கூடியவள் அந்த ஒரு மடக்குக்குத் தயங்கினாள். வினோவுக்கு அந்தத் தயக்கமே போதுமானதாக இருந்தது.

"தோட்டத்து வெசத்தத்தான கலந்திருக்க? தெனம் கசக்குது. எனக்கா தெரியாது?"

கத்தி மேலே எழுந்தது. பின்னால் கடப்பாரை கதவில் உரசும் சத்தம் கேட்டது. சிஞ்சு திரும்பாமலே கையை நீட்டி அவர்களைத் தடுத்தாள்.

"எங்கிட்டக் குடு வினோ. நான் குடிக்கிறேன்."

அவன் கத்தியைத் தாழ்த்தாமலே ஜன்னலுக்கு வந்தான். கம்பி இடுக்கு வழியாகக் கிளாஸை நீட்டினான். சிஞ்சு ஒரு மடக்குக் குடித்தாள். அவன் கண் கொட்டாமல் அவள் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

"கசக்குதாக்கா?"

இல்லை என்றால் முடிந்தது. கத்தி இறங்கிவிடும், கூட்டம் கலைந்துவிடும். ஆனால் அவன் சரியாகக் கண்டுபிடித்த ஒரே விஷயத்திலும் அவனைப் பைத்தியமாக்கியது போல ஆகும். அப்படிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"கசக்குது," என்றாள்.

செபமாலையம்மாள், "மாதாவே" என்று முனகினாள்.

"வெசம் இல்ல வினோ. ஒன்னோட மாத்திரதான். நீ வாங்க மாட்டேங்கிறன்னு அம்மா பொடிச்சுப் போட்டுச்சு. எனக்கும் தெரியும். ஒன்னக் கேக்காமச் செஞ்சது தப்பு. நான் தடுத்திருக்கணும்."

கத்தி அப்படியே நின்றது.

"அப்ப கசந்தது நெசம்," என்றான் வினோ.

"நெசம்."

"கசக்குதுன்னு சொன்னப்பல்லாம், ஒனக்கு எல்லாமே அப்பிடித்தான் தோணும்டான்னு எல்லாரும் சிரிச்சாங்க." அவன் அம்மா பக்கம் திரும்பினான். கத்தி இன்னும் கையில்தான் இருந்தது. "நீயுமாம்மா?"

"நீ நல்லா இருந்தியே சாமி," என்றாள் செபமாலையம்மாள். "அப்பிடியே இருந்துருவன்னு ஆசப்பட்டுட்டேன்."

அவன் தோள் தளர்ந்தது. கத்தியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு முகத்தைச் சுவரில் சாய்த்து அழுதான். சிஞ்சுவுக்கும் கண் கலங்கியது, ஆனால் அதற்கு அது நேரமில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும் வினோ. நான் ஒம் பக்கத்துலயே ஒக்காந்து வாரேன்."

"அண்ணன் கயிறக் கீழ போடட்டும்."

ஏசுரத்தினம் சிஞ்சுவைப் பார்த்தான், ஆட்களைப் பார்த்தான். கடைசியில் கயிற்றைச் சேற்றில் போட்டான். வினோ தானே தாழைத் திறந்து வெளியே வந்தான். அம்மா கூட வர எழுந்தபோது, "நீ வராத" என்று மட்டும் சொன்னான். அவள் நிலைக்கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

வழியில் பூப்பாறையில் அவனுக்குத் தொண்டை வறண்டது. ஜீப்பை நிறுத்திச் சாயாக் கடையில் உட்கார்ந்தார்கள். சிஞ்சுவைத் தெரிந்த இரண்டு பேர் வழக்கம்போலத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். வினோ கிளாஸை மோந்து பார்த்தான், நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தான், பிறகு மெல்லக் குடித்தான்.

"கசக்கலக்கா," என்றான், கடை முழுக்கக் கேட்கும்படி. காலிக் கிளாஸைக் கீழே வைத்தான். "இனிமே மாத்திரைய எங்கையில குடுங்க. திங்கிறேனா மாட்டேனான்னு நாஞ் சொல்றேன்."

"சரி."

"அம்மாட்டயும் சொல்லிருங்க. சாயா மட்டும் எப்பவும்போல அவளே போடட்டும். வெறும் சாயா."