சிக்னேவுக்கு ஒரு நல்ல வார்த்தை

நோர்டால் ஊர்க்காரர்களிடம் ஒரு வியாதி உண்டு. யாரையும் புகழ்ந்து பேச வாய் வராது. போரில் பதக்கம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய மகனைப் பார்த்து, "வந்துட்டியா, சரி. மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்று சொன்ன அப்பன் இந்த ஊர்க்காரன்தான். பாதிரியார் கேட்டபோது "இவளை ஏற்றுக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கையோடு, "பாக்கலாம்" என்று சேர்த்துக்கொண்ட மாப்பிள்ளையும் இந்த ஊர்க்காரன்தான். பெயர் மைலோ. அந்தக் கல்யாணப் பெண்தான் சிக்னே டோலஃப்சன்.

சிக்னே சர்க்கரை பீட் கிழங்கு விளைவித்த குடும்பத்துப் பெண். அறுவடை லாரி ஓட்டிச் சம்பாதித்துச் சட்டம் படித்தாள். ஃபார்கோ ஃபெடரல் கோர்ட்டில் அரசு வக்கீலாகச் சேர்ந்து தலை நரைக்கும்வரை வாதாடினாள். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. அதே கோர்ட்டில், மேலே இருக்கிறதே அந்த ஜட்ஜ் நாற்காலி, அதில் உட்கார வேண்டும்.

அது வேண்டுமென்றால் கிடைக்கிற நாற்காலியா? ஒருவர் உட்கார்ந்தால் ஆயுசுக்கும் எழுந்திருக்க மாட்டார். முதல்முறை காலியானபோது செனட்டரோடு மீன்பிடிக்கப் போகிறவருக்குக் கிடைத்தது. இரண்டாம்முறை ஆட்சியே மாறிப்போனது. இப்போது மூன்றாம்முறை. ஜனாதிபதி அவள் பெயரையே அறிவித்துவிட்டார். சிக்னேவுக்கு வயது ஐம்பத்தாறு. இதுவும் கைநழுவினால் அடுத்தமுறை இளசாக ஒருத்தரைத்தான் தேடுவார்கள்.

ஆனால் செனட் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்டால்தான் பதவி. அந்த ஓட்டெடுப்புக்கு முன்னால் ஆளின் யோக்கியதையை விசாரிக்க ஓர் அதிகாரி வருவார். வந்தார். வர்ஜீனியாக்காரர். பேச்சில் தேன் ஒழுகும் ஊர்.

முதலில் பாதிரியாரைப் பிடித்தார். "சிக்னே அம்மா எப்படிப்பட்டவங்க?"

"மோசமில்லை" என்றார் பாதிரியார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிது. பைபிளில் வரும் தீர்க்கதரிசிகளில் பாதிப்பேரைப் பற்றிக்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர், "ஏதோ இருக்காங்க. நாங்க குறை சொல்றதில்ல" என்றார். உணவுக்கடை டார்லீன் கொஞ்சம் யோசித்து, "இதைவிட மட்டமானவங்களையும் பாத்திருக்கேன்" என்றாள். மைலோவிடம் அவர் கேட்டிருக்கவே கூடாது. "சமாளிச்சுக்கறேன்" என்றான் அந்தப் புண்ணியவான்.

மறுநாள் செனட்டரின் உதவியாளன் சிக்னேவுக்குப் போன் போட்டான். "மேடம், உங்க ஊர்ல உங்களுக்கு எதிரிங்க ஜாஸ்தியா? ஒருத்தர்கூட நல்ல வார்த்தை சொல்லலையே!"

"எல்லாரும் நல்லபடியாத்தானே சொல்லியிருக்காங்க?" என்றாள் சிக்னே, புரியாமல்.

"இதுவா நல்லபடி? அதிகாரி ரெண்டு நாள்ல கிளம்பிடுவார். யாரையாவது வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்க. இல்லேன்னா கஷ்டம்."

சிக்னே போனை வைத்தாள். வெட்கத்தை விட்டு டார்லீனிடம் போனாள்.

"டார்லீன், அந்த மனுஷன்கிட்ட என்னைக் கொஞ்சம்... புகழ்ந்து சொல்றியா?"

டார்லீன் காதுவரை சிவந்துபோனாள். நடுத்தெருவில் புடவை இல்லாமல் நிற்கச் சொன்னால் நம் ஊர்ப் பெண்கள் அப்படித்தான் சிவப்பார்கள். "என்னடி இது, வெளியாள் முன்னாடியா?"

"ஒரே ஒரு வார்த்தை. 'அவ ரொம்ப நல்லவ'ன்னு."

"சரி, சொல்லிப் பாக்கறேன். அவ ரொம்ப..." அதற்குமேல் போகவில்லை. இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி இருமினாள். "வேணும்னா அவருக்கு நான் சுட்ட ஆப்பிள் பை ஒரு துண்டு சும்மா தரேன். இது மட்டும் என்னால ஆகாதும்மா."

சிக்னேவுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. வண்டியில் உட்கார்ந்தபோது அழுகையும் சேர்ந்துகொண்டது. இத்தனை வருஷம் உழைத்து என்ன? நான் உண்மையிலேயே நல்ல வக்கீல்தானா என்று யாரிடம் கேட்பது? கேட்டால்தான் எவர் சொல்வார்?

கடைசி நாள் காலை அதிகாரி ஆர்வில் ப்ரெக்கேவைப் பார்க்கப் போனார் என்று தெரிந்ததும் அவளுக்கு மிச்சமிருந்த நம்பிக்கையும் போயிற்று. ஆர்வில், அவள் கூண்டில் ஏற்றுகிறவர்களுக்காக வாதாடும் எதிர்த்தரப்பு வக்கீல். அவளிடம் தோற்றுத் தோற்றே வயிறெரிந்து கிடந்தவர்.

மதியம் டார்லீன் கடையில் சிக்னே வாய்க்கு ருசியில்லாத சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு ஆர்வில் வந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"உன் கதையை முடிச்சுட்டேன், சிக்னே! ஒண்ணு விடாம சொல்லிட்டேன்!"

"என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்லலை? இவ மனுஷியான்னேன்! தன் கேசுக்கே வேட்டு வைக்கற சாட்சியம் கிடைச்சாலும் மறைக்கமாட்டா, அன்னிக்கே என் மேஜைக்கு அனுப்பி வைப்பா. அப்புறம் நான் எதைச் சொல்லி அப்பீல் பண்றது? விருந்துக்குக் கூப்பிட்டா வரமாட்டா, கோர்ட்டுல யாராவது ஒரு சின்னப் பொய் சொன்னா எலியைப் பாத்த பூனை மாதிரி நிமிருவா. அந்த லாரி டிரைவர் கேஸ்! அவன் என் கட்சிக்காரன், நிரபராதின்னு எனக்கே தெரியாது. இவ தானே தோண்டிக் கண்டுபிடிச்சு, தானே கேஸை வாபஸ் வாங்கினா. நான் ஜெயிச்சு பேப்பர்ல என் போட்டோ வரவேண்டியது! இருபது வருஷமா இவகிட்ட ஒரு ஓட்டை கிடைக்கலை, இவளையெல்லாம் ஜட்ஜாக்கினா என்னை மாதிரி ஆளுங்க பொழைக்கறது எப்படின்னு கேட்டேன். அந்த ஆள் விடாம எழுதிக்கிட்டான்!"

கடையில் இருந்த எல்லாரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கெட்ட வார்த்தை காதில் விழுந்த மாதிரி.

"அடப்பாவி" என்றாள் டார்லீன் மெதுவாக. "வெளியாள்கிட்டப் போயி இவளை இப்படிப் புகழ்ந்துட்டு வந்திருக்கியே, வெக்கமா இல்ல?"

ஆர்வில், தான் சொன்னதையெல்லாம் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

சிக்னே எழுந்து வெளியே போய்விட்டாள். கண்ணைத் துடைக்கவேண்டியிருந்தது. தன் வேலையைப் பற்றி ஒரு மனிதர் முழுசாகச் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல்தடவை.

செனட்டில் ஓட்டு விழுந்தது, வென்றாள். சத்தியப்பிரமாணம் முடிந்து, கறுப்பு அங்கி மாட்டி, நாற்காலியில் ஏறினாள். கொஞ்ச நாளிலேயே ஒரு வழக்கில் எதிரே வந்து நின்றவர் ஆர்வில்.

ஆர்வில் சாட்சியிடம் ஒரு கேள்வி கேட்டார். அரசு வக்கீல் துள்ளி எழுந்து ஆட்சேபித்தார். ஆர்வில் பழக்கதோஷத்தில், தீர்ப்பு வருவதற்கு முன்பே கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "இந்தத் தீர்ப்பை நான் வன்மையா..." என்று ஆரம்பித்தேவிட்டார்.

"ஆட்சேபணை தள்ளுபடி" என்றாள் சிக்னே. "நீங்க கேட்டது சரியான கேள்வி, மிஸ்டர் ப்ரெக்கே. சாட்சி பதில் சொல்லட்டும்."

ஆர்வில் காதுவரை சிவந்துபோய் அவளையே பார்த்தார். சாட்சி குழப்பத்தோடு, "கேள்வி என்னங்க?" என்று கேட்டார். அது ஆர்விலுக்கும் மறந்துபோயிருந்தது.