கொதிப்பு மாத்திரை

செல்போனில் இரண்டு பக்கம் படித்துவிட்டு டாக்டராகிவிட்ட மடையன் நான். ஏழாம் மாதத்திலேயே வலி கண்ட மனைவியை ராஜபாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். பிரசவத்தைத் தள்ளிப்போடக் கொடுத்த மாத்திரையைப் போனில் தேடினால், ரத்தக் கொதிப்பு மாத்திரை என்று வந்தது. “இவளுக்கு ஏது கொதிப்பு? எனக்குல்லா குடுக்கணும்!” என்று வார்டே சிரிக்கச் சொல்லிவிட்டு, மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் வன்னியம்பட்டிப் பெண் ஒருத்தர்; அவருக்கும் அதே ஏழாம் மாதம், அதே மாத்திரை. ஒல்லி உடம்பு, எண்ணெய் வைத்து இழுத்துச் சீவிய தலை. வலி வரும்போதெல்லாம் வயிற்றைத் தடவி, “ஏலே, செத்த நேரம் சும்மா கெடலே. என்ன அவசரம்?” என்று அதட்டுவார். என் கேலியைக் கேட்டதும் பயந்துபோய், தன் மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளித்துவிட்டார்.

டாக்டர் வந்து, அந்த மருந்து கர்ப்பப்பையின் இறுக்கத்தையும் தளர்த்தும் என்று விளக்கியபோது எனக்கு முகம் எரிந்தது. கூனிக்குறுகி அந்தப் பெண்ணிடம் போனேன்.

“தங்கச்சி, நான் ஒரு கிறுக்கன். எம்பேச்ச நம்பாம மாத்திரையப் போடுங்க.”

அவர் என் சட்டைப்பையையே பார்த்தார்.

“மொதல்ல ஒங்க வீட்டம்மாவுக்குக் குடுங்க.”