வீட்டுக்குள் ஒரு மொழிபெயர்ப்பாளர்

வேலை முடிந்து குண்டசாலை வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்த நாவலை வாசித்து முடித்தபோது யசோதாவுக்குக் கண்ணீர் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

கிரேக்கப் புராணத்தில் எக்கோ என்று ஒரு மலைத்தேவதை. சாபத்தால் சொந்தப் பேச்சை இழந்தவள். மற்றவர்கள் பேசும் கடைசி வார்த்தைகளை மட்டுமே அவளால் திருப்பிச் சொல்ல முடியும். அவளே தன் கதையைச் சொல்வதாக எழுதிய புதிய ஆங்கில நாவல் அது. "அம்மா, ஒங்களப் பத்தித்தான் எழுதியிருக்கு" என்று கொடுத்தவள் மகள் தர்ஷனா.

யசோதா கண்டியில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். தமிழ்ச் சாட்சி சொல்வதைச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை கூடக்கூடாது, குறையக்கூடாது. சாட்சி திட்டினால் இவளும் முகம் மாறாமல் திட்டுவாள்.

வீட்டிலும் அதே வேலைதான். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் தர்ஷனா எழுந்து போய்விட்ட நாளிலிருந்து, நான்கு மாதமாக அப்பாவும் மகளும் பேசுவதில்லை. எல்லாம் யசோதா வழியாகத்தான். வீட்டில் மட்டும் அவள் வார்த்தைகளைக் கழுவித் துடைத்துத்தான் கொடுப்பாள். பெற்ற வயிறு அல்லவா!

மறுநாள் காலை தர்ஷனா வேலைக்காக மட்டக்களப்புக்குப் போகிறாள். அப்பா வாயிலிருந்து ஒரு வார்த்தை இல்லாமலே போய்விடுவாளோ என்று யசோதா பயந்தாள். வீட்டுக்குள் நுழைந்தால், கணவர் மோகனராஜ் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஐந்தடி தள்ளி மகள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"யசோ, எத்தன மணிக்கு பஸ்ஸுன்னு ஒம் மகளக் கேளு."

"ஆறுக்குன்னு சொல்லுங்கம்மா."

யசோதா கைப்பையைக்கூட இறக்கவில்லை, அதற்குள் அவர் அடுத்ததைத் தொடங்கினார்.

"போறவ போகட்டும். திரும்பி வர வேணாம்னு சொல்லு."

வழக்கமாக இதை, "பத்திரமாப் போயிட்டு வரச் சொல்றாரு" என்று மாற்றியிருப்பாள். இன்று, முந்நூறு பக்கம் வாசகரிடம் புலம்பிவிட்டு, காதலித்தவனிடம் நேரில் ஒன்றுமே சொல்லாத அந்தத் தேவதை நினைவுக்கு வந்தாள். வந்த கோபத்தில் யசோதா, சாட்சிக்கூண்டின் பக்கத்தில் நிற்பதுபோல் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"போறவ போகட்டும். திரும்பி வர வேணாம்."

தர்ஷனாவின் கையிலிருந்த சேலை நழுவியது. மோகனராஜ் எழுந்துவிட்டார். "அதுக்காக அப்படியேவா சொல்றது?"

"அம்மா, இந்த வீட்ல எனக்கு அப்பான்னு யாரும் இல்லன்னு சொல்லுங்க!"

யசோதா கணவன் பக்கம் திரும்பினாள். குரல் நடுங்கினாலும் வார்த்தை மாறவில்லை. "இந்த வீட்ல எனக்கு அப்பான்னு யாரும் இல்ல."

அந்த மனிதரின் முகம் வெளிறிப்போனது.

"தர்ஷி!" நான்கு மாதத்துக்குப் பிறகு அந்தப் பெயர். "வேணாம்னா முதல்லயே சொல்லியிருக்கலாமே? வந்தவங்க முன்னால ஏன்டி மானத்த வாங்குன?"

"அம்மாகிட்ட மூணு தடவ வேணாம்னு சொல்லி அனுப்பினேனேப்பா!"

"ஒங்கம்மா அப்படிச் சொல்லலியே. புள்ள கொஞ்சம் வெக்கப்படுறான்னு சொன்னா!"

இருவரும் மெல்லத் திரும்பி யசோதாவைப் பார்த்தார்கள்.

"கல்யாண விசயத்துல அப்படித்தானே சொல்லணும்..." என்று அவள் இழுத்தாள்.

"வெக்கமாம்மா? நான் அழுதேன்!"

"நான் வேற வெக்கம்னு நம்பி, புள்ளைக்குச் சம்மதம்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன்!"

அப்பாவும் மகளும் மாறி மாறிக் கத்தினார்கள். கத்திக்கொண்டே கீழே கிடந்த சேலையை அவர் எடுத்துக் கொடுத்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாங்கினாள். யசோதாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டின. பெற்று, பொங்கிப் போட்டு, நடுவில் நின்று நாக்குத் தேய்ந்தவளுக்கு இந்தப் பரிசா!

மோகனராஜ் தொண்டையைச் செருமினார். "காலையில நானே வந்து பஸ் ஏத்திவிடுறேன், தர்ஷி. தங்குற எடத்தயும் ஒருக்கா வந்து பாக்கணும்."

யசோதா பழக்கத்தில் வாயைத் திறந்தாள். "அப்பா என்ன சொல்றாருன்னா..."

"அம்மா, எனக்குக் காது கேக்குது!"